கம்பிவேலிக்குள் ஒரு கரகம்

வெள்ளைக்காரன் காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று இன்னொரு தடவை என் காதுபடச் சொல்லாதீர்கள். நம் வயசுக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்தால் இதே பேச்சு. ரோடு போட்டானாம், ரயில் விட்டானாம், ஆஸ்பத்திரி கட்டினானாம். கட்டினான், யார் இல்லை என்றது? இதே மலாயாவில், தெப்ராவ் ஆற்றோரத்தில் சேற்றை மண் கொட்டி மூடி ஒரு கொட்டகையும் கட்டினான். சுற்றிலும் முள்கம்பி. அதற்குள் நான் ஒரு வெயில் காலம் முழுக்கக் கிடந்திருக்கிறேன். உங்களில் சிலபேருடைய அப்பன் ஆத்தாளும் கிடந்திருப்பார்கள். அவர்கள் வாயைத் திறக்காமல் செத்துப்போனார்கள், நீங்கள் வசதியாகப் பெருமை பேசுகிறீர்கள்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயசு. கூலாய்க்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அப்பா பால் வெட்டினார், அம்மா களை பிடுங்கினாள். ரப்பர் விலை விழுந்தது. எங்கேயோ சீமையில் விழுந்த விலைக்கு எங்கள் லயத்து வீடுகளில் அடுப்பு அணைந்தது. இனி பால் வெட்ட வேண்டாம், வீட்டைக் காலி பண்ணு என்றார் தோட்டத்துத் துரை. ஏதாவது கூலி கிடைக்கும் என்று அப்பாவும் அம்மாவும் என்னை இழுத்துக்கொண்டு ஜோகூர் பாருவைப் பார்த்து நடந்தார்கள். தெப்ராவ் ரோட்டில் போலீஸ் லோரி மறித்தது. வேலை இல்லாமல் ரோட்டில் திரிவது தப்பாம். வேலையைப் பிடுங்கினவன் தப்பில்லை, நடந்தவன் தப்பு!

சொந்த ஊருக்கே அனுப்பி வைக்கிறோம், கப்பலுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லி ஏற்றினார்கள். எது சொந்த ஊர்? நான் பிறந்தது கூலாய் லயத்தில். நாகப்பட்டினம் என்கிற பெயரையே அந்த லோரியில்தான் முதன்முதலாகக் கேட்டேன். அம்மா அந்தப் பெயரைக் கேட்டதும் என் கையை நெரித்தாள், எலும்பு நொறுங்கிவிடும்போல. எனக்கு வலிக்கிறது என்று கத்தினேன். அவளுக்குக் காதில் விழவில்லை.

டிப்போ என்று அந்த இடத்துக்குப் பெயர். வாசலிலேயே எங்களை அவிழ்க்கச் சொன்னார்கள். துணிமணி எல்லாம் ஆவியில் வேகப் போயிற்று, நாங்கள் பினாயில் தண்ணீரில் நின்றோம். அம்மாவின் பச்சைச் சேலை சாயம் போய், சுருங்கித் திரும்பி வந்தது. அப்பாவின் பால்கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். என்னிடம் ஒரு கொக்கோ டின் இருந்தது, உள்ளே நிறைய ரப்பர் கொட்டை. கல்லில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவள் தொடையில் வைத்து அலற விடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கொட்டைதான். காவலுக்கு நின்ற ஜாகாக்காரன் அது விஷம் என்று சொல்லி டின்னோடு ஆற்றுச் சேற்றில் வீசினான். டின் முழுகாமல் மேலேயே கிடந்தது. சாயங்காலம் கடல் தண்ணீர் ஏறி அதை மூடுகிறவரை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கை அழுகிப் போகட்டும் என்று சபித்தேன். இன்றைக்கும் அந்தச் சாபத்தை நான் வாபஸ் வாங்கவில்லை.

கொட்டகைக்குத் தகரக் கூரை. பகலில் உள்ளே இருந்தால் தலை வெந்துவிடும், வெளியே நின்றால் சதுப்புச் சேற்று நாற்றம். தண்ணீர் ஏறும்போது நண்டுகள் பலகைச் சந்து வழியாக வந்து படுத்திருப்பவர்கள் மேல் ஊரும். தினமும் காலையிலும் மாலையிலும் பெரட்டு. தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் வரிசையில் நின்று ஆள் எண்ணுவார்களே, அதே பெரட்டு, போவதற்கு வேலை மட்டும் கிடையாது. சுண்ணாம்பு வாடை அடிக்கும் அரிசி, புழுத்த கருவாடு. ஒருத்தி சோற்றைக் கீழே கொட்டினாள் என்று அந்த வரிசைக்கே மறுநாள் சோறு இல்லை. யாரும் எதையும் களவாடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. அப்படியும் கதவில் பூட்டு. வெள்ளைக்காரன் பூட்டினதுகூட எனக்கு ஆத்திரமில்லை. பூட்டுச்சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு நம் பாஷையில் அதட்டினவர்கள் மேல்தான் ஆத்திரம்.

எங்கள் கொட்டகைக்கு ஒரு பெரியவர் இருந்தார். வேறு தோட்டத்தில் கங்காணியாக இருந்து எங்களைப் போலவே துரத்தப்பட்டவர். நல்லவர், அதைச் சொல்லாவிட்டால் பாவம். தன் பங்கு வெல்லத்தை எனக்குக் கொடுப்பார். யாராவது இருமினால் எழுந்து போய்ப் பார்ப்பார். சண்டை வந்தால் அவர் தொண்டையைக் கனைத்தால் போதும், அடங்கிவிடும். கெட்டவர்களால் எனக்கு நேர்ந்ததைவிட அந்த நல்லவரால் நேர்ந்தது அதிகம். அதுதான் வயிற்றெரிச்சல்.

கப்பல் ஏற்றுவதற்கு முன்னால் விசாரணை நடந்தது. மேசைக்குப் பின்னால் டிப்போத் துரை, அவர் பக்கத்தில் மொழி பெயர்க்கிற கிராணி. கிராணி தமிழர், கோட்டுப் போட்டவர், எல்லாரையும் "ம்மா", "ப்பா" என்று இழுத்துப் பேசுவார். எங்கள் முறை வந்தபோது அம்மா மேசைமேல் கவிழ்ந்துவிடுகிற மாதிரி கிட்டே போனாள். பின்னால் நின்ற ஆட்களுக்குக் கேட்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்தினாள். நான் அவள் முந்தானைக்குள் நின்றேன், எனக்குக் கேட்டது.

"ஐயா, நாங்க ஊருக்குப் போவ முடியாதுங்க. எங்கண்ணன்மாருங்க எங்கள வெட்டிப் போட்ருவாங்க."

"எதுக்கும்மா வெட்டுறாங்க?"

"நான் மேலத்தெரு. இவரு சேரிங்க. ராத்திரியோட ராத்திரியா ஓடியாந்து கப்பலேறுனோம். இவரோட தம்பிய அப்பவே அடிச்சுக் கொன்னுட்டாங்க. நாங்க போயி எறங்குனா இவர உசுரோட உட மாட்டாங்க. தொரைகிட்ட சொல்லுங்கய்யா, நாங்க இங்கியே எந்தக் காட்டுலயாவது கெடந்துக்குறோம்."

சேரி, மேலத்தெரு என்றால் என்ன என்று எனக்கு அன்று தெரியாது. வெட்டு என்றால் தெரியும். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார்.

கிராணி துரையிடம் இங்கிலீஷில் ரெண்டு வார்த்தை சொன்னார். ரெண்டே ரெண்டு! துரை தலையை ஆட்டினார். "குடும்பச் சண்டையெல்லாம் கவர்மெண்டு பாக்காதும்மா," என்றார் கிராணி. "அண்ணன் தங்கச்சி கோவம் எத்தன நாளைக்கு? இந்தக் காலத்துல யாரு அதெல்லாம் பாக்குறா? புள்ள மொகத்தப் பாத்தா எல்லாம் சரியாப் போயிடும். ஊரு பேரு தோட்டத்துல கேட்டா தெரியுது. கப்பலடிக்கு அண்ணன்மார வரச்சொல்லி நானே தகவல் குடுக்குறேன், போதுமா?"

"ஐயோ, வேணாங்கய்யா! வேணாம்!" என்று அம்மா கத்தினாள்.

கிராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓடிப்போனவள் வெட்கப்படுகிறாள் என்று நினைத்தார். பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைக்கிற புண்ணியம் தனக்கு என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அன்றைக்கு அந்த மனுஷனுக்கு இருந்த வயசைவிட எனக்கு இப்போது இருபது கூட. அவர் முகத்தில் அன்றைக்கு இருந்தது அன்புதான் என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன பிரயோஜனம்? அந்த அன்பில் தீயை வைக்க.

கப்பல் வந்துவிட்டது என்று செய்தி வந்ததும் பெரியவர் ஒரு யோசனை சொன்னார். அது பங்குனி மாசம். "மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டிடுவோம். கட்டிட்டா திருநாளு முடியிற வரைக்கும் எவனும் எல்லை தாண்டப்படாது. தொரை என்ன, ராசாவே வந்தாலும் கூட்டிட்டுப் போவ முடியாது." உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காப்புக் கட்டினவன் ஊர் எல்லைக்கு வெளியே கால் வைத்தால் அவனுக்கும் ஊருக்கும் ஆகாது, அம்மை போடும். அந்தப் பயம் நமக்கெல்லாம் பாலோடு ஊட்டினது.

சாக்குப் பையிலிருந்து நூல் உருவினார்கள். சமையல்கட்டு மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவினார்கள். ஆற்றங்கரைக் கல் ஒன்று அம்மனாயிற்று. வேப்பிலைக்கு எங்கே போவது? வேலியோரத்து ஏதோ தழையை ஒடித்துக்கொண்டார்கள். பெரியவர் மஞ்சள் தண்ணீரை எடுத்துக்கொண்டு கம்பிவேலியின் உள்பக்கமாகவே சுற்றி வந்து தெளித்து, இதுதான் எல்லை என்றார். அந்த அறிவைப் பாருங்கள்! வெள்ளைக்காரன் அடைத்துவைக்கப் போட்ட வேலி. அதற்கு அம்மன் பெயரைச் சொல்லி நாமே முத்திரை குத்தினோம். அன்றைக்கு யாருக்கும் அது உறைக்கவில்லை, எல்லாரும் குலவையிட்டார்கள்.

வீட்டுக்கு ஓர் ஆம்பிளைக்குக் காப்பு. கரகம் எடுக்க ஒருத்தர் வேண்டும், நெட்டையாக, கழுத்து ஆடாமல் நடக்கிற ஆளாக. பெரியவர் எல்லாரையும் பார்த்துவிட்டு அப்பாவின் தோளில் கைவைத்தார். "தம்பி, நீ எடு. ஒனக்குத்தான் அந்த லட்சணம் இருக்கு."

அப்பா அசையவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ பொருளைத் திருடிவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி முதலில் ஒரு பயம். பிறகு கண் கலங்கியது. ஊரில் கோயில் தெருவில் செருப்பில்லாமல்கூட நடக்க விடாத அம்மன். அவளை இங்கே ஒருத்தர் தன் கையால் அவர் தலையில் ஏற்றிவைக்கிறார். பெரியவருக்கு அப்பா எந்தத் தெரு என்று தெரியாது. தெரிந்திருந்தால் கையைக் கழுவியிருப்பார். அப்பா குனிந்து கையை நீட்டினார், பெரியவர் காப்பைக் கட்டினார். எனாமல் பூசின மங்குக் குடத்தில் தழையைச் சொருகிக் கரகமாக்கித் தலையில் வைத்தபோது அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அவரை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

துரை வந்து பார்த்தார். காப்புக் கட்டினவர்கள் எல்லாரும் வாசலில் உட்கார்ந்துகொண்டு எழ மாட்டோம் என்றார்கள். அடித்து ஏற்றினால் கலவரமாகும் என்று கிராணி சொல்லியிருக்க வேண்டும். துரை தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார், ஏதோ சொல்லிச் சிரித்தார். அடுத்த கப்பலில் போகட்டும் என்று விட்டுவிட்டார். கொட்டகையே ஆடியது. ஆத்தா கப்பலை நிறுத்திவிட்டாள் என்று பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதார்கள். அம்மாவும் சிரித்தாள். டிப்போவில் அவள் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நானா வந்தார். கூலாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் அவர். நாங்கள் எல்லாரும் நானா என்போம். அவர் மனைவிக்குப் பிரசவம் பார்த்தது எங்கம்மா. கருவாட்டு வண்டிக்காரனிடம் அம்மா சொல்லியனுப்பின சேதி எப்படியோ அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. வேலை கொடுக்கிறவர் நேரில் வந்து கேட்டால் வெளியே விடலாம் என்று டிப்போவில் ஒரு சட்டம் இருந்தது. எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. நானாவே தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

"தங்கச்சி, மூணு பேரும் வெரசாக் கெளம்புங்க. கடையில ஒனக்கு அடுப்படி, தம்பிக்கு வெறகு. லோரி நிக்கிது," என்றார் வேலிக்கு வெளியே நின்று.

கிராணி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு விட்டா உண்டு. சாயங்காலத்தோட அடுத்த கப்பலுக்கு ஆள் கணக்க முடிக்கிறாரு தொரை. நாளைக்கு யாரு வந்து அழுதாலும் தொறக்க மாட்டாங்க."

அம்மா என்னை இடுப்பில் தூக்கிவிட்டாள். அந்த வயசில் யாராவது தூக்குவார்களா? தூக்கினாள். அப்பா ரெண்டு அடி வைத்தார். கொட்டகையே எழுந்து வந்து குறுக்கே நின்றது.

"காப்புக் கட்டுனவன் எங்க போற?" என்றார் பெரியவர். "அதுலயும் கரகக்காரன்! உள்ள எத்தன பச்சப்புள்ளைங்க கெடக்குது? ஒண்ணுக்கு அம்மை போட்டுச்சுன்னா யாரு பொறுப்பு?"

"இவரு தலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?" என்று அம்மா திருப்பினாள்.

"ஏம்மா அபசகுனமாப் பேசுற? ஆத்தா கரகத்தத் தூக்குனவன் தலைக்கு என்ன வரும்?"

ஒரு பெண் அம்மாவின் கூந்தலைப் பிடித்து இழுத்தாள். பிள்ளைக்காரி அவள், கைக்குழந்தையை மார்பில் அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் இழுத்தாள். "ஒம் புருசனுக்காக எம் புள்ளையக் கொல்லப் பாக்கிறியா, நாசமாப் போறவளே!" என்று கத்தினாள். அதே கூட்டம்தான் நாலு நாளைக்கு முன்னால் கட்டிப்பிடித்து அழுதது. நம் சனங்களைப் பற்றி என்னிடம் உருகிப் பேசாதீர்கள்.

அப்பா அந்தப் பெண்ணின் கையை விலக்கிவிட்டார். பிறகு அம்மாவிடம் சொன்னார், "நீயும் புள்ளையும் போங்க. கரகத்த எறக்கிட்டு வந்துர்றேன்."

"கெழவி மாதிரி பேசாத. நாளைக்குக் கதவு தொறக்காதுன்னு அந்தாளு சொல்றது காதுல உழலியா?"

"கப்பலையே நிறுத்துனவ, ஒரு கதவத் தொறக்க மாட்டாளா?"

அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, என் தலைக்கு மேலேயே, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "ஊருல வாசப்படி மிதிக்க உட்டாளா இவ? கண்ணு தெரியாம ஒருத்தரு கரகத்தக் குடுத்துட்டாருன்னு தலையக் குடுக்கப் போறியா? அறுத்துப் போடுய்யா அந்தக் கயித்த!"

அப்பா மணிக்கட்டைப் பார்த்தார். ஒரு நூல்தான். பல்லால் கடித்தால் அறுந்துவிடும். "மொத மொதலா என்ன மனுசனா நெனச்சுக் கட்டி உட்ருக்காங்க," என்றார். "என் கையால அறுக்க மாட்டேன்."

என் கன்னத்தைத் தொட்டார். விரலெல்லாம் மஞ்சள். காப்பு இல்லாதவர்களை யாரும் தடுக்கவில்லை, அவளுக்கும் எனக்கும் காப்பு இல்லை. அவள் என்னைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டினாள். எனக்காகத்தான் தாண்டினாள், நான் இல்லாவிட்டால் அந்த மனுஷன் காலடியிலேயே உட்கார்ந்திருப்பாள். அப்பா மேல் எனக்கு வந்த கோபம் இந்தக் கிழ வயசுவரை தீரவில்லை. அவர் சொன்னது எனக்குப் புரியாமலும் இல்லை. ரெண்டும் சேர்ந்தே இருக்கிறது, என்ன செய்ய?

நானா மறுபடி ரெண்டு தடவை டிப்போவுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. கரகத்தை இறக்கினார்கள், கூழ் ஊற்றினார்கள், பெரியவர் எல்லார் காப்பையும் அவிழ்த்து ஆற்றில் விட்டார். அடுத்த கப்பல் வந்தது. ஆத்தா நிறுத்தவில்லை.

கூலாய்க் கடையில் அம்மா மசாலா அரைத்தாள், பாத்திரம் கழுவினாள். ஊரில் இறங்கினதும் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடுவார் என்பாள். வேறு ஜில்லாவுக்குப் போயிருப்பார், அங்கிருந்து சேதி சொல்லியனுப்புவார், ரப்பர் விலை ஏறினால் திரும்பி வந்துவிடுவார். தினமும் விடியுமுன் எழுந்து குளித்துக் குங்குமத்தை இவ்வளவு பெரிசாக வைத்துக்கொள்வாள். அந்தக் கடையில் சாப்பிட வந்தவர்களெல்லாம் அவளைப் பொட்டுக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

விலை ஏறத்தான் செய்தது. எவனை வேண்டாம் என்று பிடித்துக் கப்பலில் அடைத்தார்களோ, அவனையே வா வா என்று ஆள் விட்டு அழைத்தார்கள். வெட்கங்கெட்டவர்கள். ஒருநாள் மத்தியானம் கடைக்குள் ஒரு கூட்டம் நுழைந்தது, புதுசாகக் கப்பலிறங்கித் தோட்டத்துக்குப் போகிற கூட்டம். முன்னால் டிப்போப் பெரியவர். மீசை முழுக்க நரைத்திருந்தது. அம்மாவைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"அடடே, நீதானா தாயி! நல்லாருக்கியா? பாப்பா வளந்துட்டாளே!"

அம்மா ஓடிப்போய் இலை போட்டாள். சோறு வைத்தாள், அவர் கேட்காமலே ரெண்டு துண்டு மீன் வைத்தாள். குழம்பு இலைக்கு வெளியே சிந்தியது. "அவரப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாக்காம என்ன? ஒண்ணாத்தான எறங்குனோம்!" பெரியவர் சோற்றைப் பிசைந்தார். "அந்தக் கிராணி தங்கமான மனுசன்மா. சொன்னபடி தகவல் குடுத்திருந்தாரு. ஒங்கண்ணன்மாரு மூணு பேரும் கப்பலடிக்கே வந்துட்டாங்க. ரெண்டு வண்டி கட்டிட்டு வந்து நிக்கிறாங்க, எவ்ளோ மரியாத பாரு! ஒம் புருசந்தான் வெக்கப்பட்டுக்கிட்டுக் கூட்டத்துல பதுங்குறாரு. நான் உடுவனா? கையப் புடிச்சு இழுத்தாந்து, இந்தா இவருதான் ஒங்க மச்சான், எங்க கரகக்காரருன்னு நாந்தான் ஒப்படைச்சேன். என் கால்ல உழுந்தாரும்மா ஒம் புருசன். உழுந்து கால உட மாட்டேங்கிறாரு. பிரிய மனசில்ல, பாவம். நாந்தான் தேத்தி வண்டியில ஏத்தி உட்டேன்."

அம்மா கையில் ரசவாளி இருந்தது. அதை அப்படியே கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, நானாவைப் பார்க்கவில்லை. ஈரக்கையைத் தூக்கி நெற்றியில் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தாள்.

பெரியவர் ரசத்துக்குக் கையைக் குழித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"பொட்டு கலைஞ்சு போச்சு பாரும்மா," என்றார்.